ஒரு மூலக்கூறு புற்றுநோயை உண்டாக்குமா? கணினியில் கணித்துப் பார்க்கும் முறை

கணினிக்குப் புற்றுநோயைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஏற்கெனவே சோதித்த பொருள்களின் முடிவுகளை வைத்து, அவற்றைப் போன்ற கட்டமைப்புள்ள புதுப் பொருள் எப்படி நடந்துகொள்ளும் என்று ஊகிக்கிறது. ஆகவே எந்தச் சோதனையின் தரவைக் கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. எலியிலும் சுண்டெலியிலும் செய்யும் புற்றுநோய்ச் சோதனை இரண்டு ஆண்டு நீளும். அதனால் தரவு குறைவு. பாக்டீரியாவில் மரபணு மாற்றம் நிகழ்கிறதா என்று பார்க்கும் ஏம்ஸ் சோதனை சில நாள்களில் முடிந்துவிடும்; பல புற்றுநோய்கள் இப்படிப்பட்ட மாற்றத்தில்தான் தொடங்குகின்றன. தொடங்குபவர்களுக்கு ஏம்ஸ்தான் சரி. 2009-ல் வெளியான ஹான்சன் தொகுப்பில் ஏம்ஸ் முடிவு தெரிந்த 6512 பொருள்கள் உள்ளன: 3503 பாசிட்டிவ் (மரபணு மாற்றம் உண்டாக்கியவை), 3009 நெகட்டிவ்.

பைதான் நிரல்மொழி, மூலக்கூறுகளைக் கையாளும் ஆர்டிகிட், அட்டவணைகளுக்குப் பாண்டாஸ், கணிப்பு மாடலுக்குச் சைக்கிட்-லேர்ன், நச்சு விதிகளைச் சரிபார்க்கும் டாக்ஸ்ட்ரீ ஆகியவை தேவை. எல்லாம் இலவசம். சாதாரண லேப்டாப் போதும்.

படி 1: மூலக்கூறை எழுத்தாக்குதல்

ஸ்மைல்ஸ் என்பது மூலக்கூறை ஒரே வரியில் எழுதும் முறை. எத்தனாலுக்கு ஆங்கிலப் பெரிய எழுத்தில் சி, சி, ஓ. அவ்வளவுதான், ஹைட்ரஜனை எழுதுவதில்லை. பென்சீனுக்குச் சிறிய எழுத்து சி ஆறு முறை. வளையம் எங்கே மூடுகிறது என்று காட்ட முதல் சிக்கும் கடைசி சிக்கும் பின்னால் 1 என்ற எண். சிறிய எழுத்து என்றால் அரோமேட்டிக், அதாவது பென்சீன் போல எலக்ட்ரான்கள் வளையம் முழுதும் பரவிய அமைப்பு.

பலரும் சறுக்கும் இடம் பைரோல், இந்தோல் மாதிரி நைட்ரஜன் உள்ள வளையங்கள். நைட்ரஜனோடு ஒட்டிய ஹைட்ரஜனைச் சதுர அடைப்புக்குள் எழுதாமல் விட்டால், கெகுலைஸ் செய்ய (வளையத்தில் ஒற்றை, இரட்டைப் பிணைப்புகளை ஒதுக்க) முடியவில்லை என்று ஆர்டிகிட் புலம்பும். மூலக்கூறு வர வேண்டிய இடத்தில் காலி மதிப்பு வரும். அந்த வரிகளைச் சத்தமில்லாமல் தூக்கிவிடாதீர்கள். எத்தனை என்று எண்ணி, தனிக் கோப்பில் வைத்துத் திருத்துங்கள்.

படி 2: சுத்தம் செய்தல்

அலுப்பான வேலை, ஆனால் மாடலின் தலையெழுத்து இங்கேதான் எழுதப்படுகிறது. அனிலீன் ஹைட்ரோகுளோரைடு போன்ற உப்புகள் ஸ்மைல்ஸில் புள்ளியால் பிரிந்த இரண்டு துண்டுகளாக வரும். பெரிய துண்டை மட்டும் வைத்துக்கொண்டு மின்சுமையைச் சமன் செய்யுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் இன்ச்சிகீ எனும் அடையாளக் குறியீடு உருவாக்கி, அதன் முதல் 14 எழுத்துகள் ஒன்றாக இருப்பவற்றைச் சேர்த்துப் பாருங்கள். கண்ணாடி வடிவங்களும் இதில் ஒன்றாகிவிடும். நாம் படி 4-ல் பயன்படுத்தப்போகும் ஃபிங்கர்பிரின்ட்டும் (மூலக்கூறின் துண்டுகளை 0, 1 வரிசையாக்கும் முறை) வழக்கமான அமைப்பில் அவற்றைப் பிரித்தறியாது என்பதால் பாதகமில்லை. ஒரே பொருளுக்கு இரண்டு விதமான முடிவு இருந்தால் இரண்டையும் விலக்குங்கள்.

படி 3: முதலில் விதிகள்

மாடலுக்குத் தாவும் முன் டாக்ஸ்ட்ரீயைத் திறந்து, பெனிக்னி–போசா விதித்தொகுப்பைத் தேர்ந்தெடுத்து, ஸ்மைல்ஸை ஒட்டி ஓடவிடுங்கள். நைட்ரோசோ, எபாக்சைடு, அரோமேட்டிக் நைட்ரோ, அரோமேட்டிக் அமீன் போன்ற எச்சரிக்கைக் குழுக்கள் இருந்தால் சுட்டிக்காட்டும்.

எடுத்துக்காட்டாக, 2-நாஃப்தைலமீனைக் கொடுத்தால் அமீன் எச்சரிக்கை வரும். காரணம் வேதியியலில் இருக்கிறது. கல்லீரல் நொதிகள் அமீனின் நைட்ரஜனில் ஒரு ஹைட்ராக்சில் சேர்க்கின்றன. அதிலிருந்து பிறக்கும் நைட்ரீனியம் அயனி டிஎன்ஏவின் குவானினில் போய் ஒட்டிக்கொள்கிறது. இப்போது சல்ஃபனிலிக் அமிலத்தைக் கொடுங்கள். அதே அமீன்தான், ஆனால் எச்சரிக்கை வராது. அதே வளையத்தில் சல்ஃபோனிக் அமிலம் இருந்தால் விதியே விலக்கு அளிக்கிறது: மின்சுமை ஏறிய, நீரில் கரையும் பொருள் செல்லுக்குள் எளிதில் நுழையாது. வளையத்தில் அமீன் இருக்கிறதா என்று மட்டும் தேடும் சொந்த விதியை எழுதினால் இங்கே ஏமாந்துபோவீர்கள்.

படி 4: ஃபிங்கர்பிரின்ட்டும் மாடலும்

மோர்கன் ஃபிங்கர்பிரின்ட்: ஆரம் 2, நீளம் 2048 பிட். ஒவ்வோர் அணுவையும் சுற்றி இரண்டு பிணைப்புத் தூரம் வரை உள்ள அமைப்பு ஒரு பிட்டாகிறது. எப்போதாவது வெவ்வேறு இரண்டு துண்டுகள் ஒரே பிட்டில் விழும். எனவே ஒரு பிட்டின் மேல் பழி போடும் முன் அதை உண்டாக்கிய அணுக்களை வரைந்து பாருங்கள். மாடலுக்கு 500 மரங்கள் கொண்ட ரேண்டம் ஃபாரஸ்ட் (பல முடிவு மரங்களின் வாக்கை வைத்துக் கணிக்கும் முறை) போதும். நியூரல் நெட்வொர்க் ஆசையைத் தள்ளிப்போடலாம்.

படி 5: பிரித்துச் சோதித்தல்

தரவை ஐந்தாகப் பிரித்து, நான்கில் பயிற்சி, ஒன்றில் சோதனை. கண்மூடித்தனமாகக் கலைத்துப் பிரித்தால், ஒரு மீத்தைல் மட்டும் கூடுதலாக உள்ள அண்ணன் தம்பிகள் இருபுறமும் போய் உட்காரும், மதிப்பெண் வீங்கிவிடும். மூலக்கூறின் சட்டகத்தை (பக்கக் கிளைகளை நீக்கிய வளைய அமைப்பை) வைத்துக் குழுவாகப் பிரிப்பது மேல். அதிலும் ஒரு பொறி உண்டு: ஒற்றைப் பென்சீன் வளையம் கொண்டவை எல்லாம் ஒரே பெருங்குழுவாகிவிடும், நைட்ரோசோடைமீத்தைலமீன் போல வளையமே இல்லாதவற்றுக்குச் சட்டகம் காலி. அதனால் டனிமோட்டோ ஒப்புமையை (இரண்டு ஃபிங்கர்பிரின்ட்டுகள் எவ்வளவு ஒத்தவை என்று 0 முதல் 1 வரை சொல்லும் எண்ணை) வைத்துக் குழுக்கள் அமைப்பதே எங்கள் பரிந்துரை.

துல்லியம் 80 சதவீதத்தை ஒட்டி வந்தால் நல்ல பாதையில் இருக்கிறீர்கள். 95 வந்தால் கொண்டாட வேண்டாம். வெவ்வேறு ஆய்வகங்களில் செய்த ஏம்ஸ் முடிவுகளே சுமார் 85 சதவீதம்தான் ஒத்துப்போகின்றன. அப்படியிருக்க 95 என்றால் எங்கோ கசிவு, அதாவது சோதனைப் பொருளின் விடை பயிற்சித் தரவிலும் நுழைந்திருக்கிறது. படி 2-க்குத் திரும்புங்கள்.

படி 6: புதுப் பொருளுக்குத் தீர்ப்பு

நிகழ்தகவு 0.5 என்ற எல்லையை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆபத்தைத் தவறவிடுவது பெரிய இழப்பு என்றால் 0.4-க்கு இறக்குங்கள், வீண் எச்சரிக்கைகள் கூடும், பரவாயில்லை. பயிற்சித் தரவில் அதற்கு மிக நெருங்கிய பொருளின் டனிமோட்டோ ஒப்புமையையும் பாருங்கள். 0.3-க்குக் கீழே இருந்தால், மாடல் என்ன சொன்னாலும் "கணிக்க இயலாது" என்றே எழுதுங்கள்.

விதியும் மாடலும் முரண்பட்டால், நெருங்கிய ஐந்து அண்டைப் பொருள்களின் உண்மையான சோதனை முடிவைக் கண்ணால் பார்த்து முடிவெடுங்கள். மருந்துகளில் உள்ள மாசுகளுக்கான, சர்வதேச மருந்து ஒழுங்குமுறை அமைப்பான ஐசிஎச்சின் எம்7 நெறிமுறையும் விதி சார்ந்தது ஒன்று, புள்ளியியல் சார்ந்தது ஒன்று என இரண்டு முறைகளைத்தான் கேட்கிறது.

நெகட்டிவ் வந்த பொருளைப் "பாதுகாப்பானது" என்று எழுதிவிடாதீர்கள். பென்சீன் ஏம்ஸில் நெகட்டிவ்; ஆனால் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையான ஐஏஆர்சி முதல் குழுவில் வைத்திருக்கிறது. உங்கள் மாடலிலும் அதைப் போட்டுப் பாருங்கள்.