சுளுக்கு என்று நம்பிய ஏழு மாதங்கள்

ஏழு மாதம் முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். பைக் பள்ளத்தில் இறங்கிய அன்று பிடித்த சுளுக்கு என்பது என் கணிப்பு. முதலில் பார்த்த மருத்துவரும் வலி மாத்திரை, பெல்ட் என்று முடித்துவிட்டார். இருமல் இல்லை, சளி இல்லை. காசநோய் யார் நினைவுக்கு வரும்? ஆனால் மாலையானால் உடம்பு கதகதக்கும். படுத்தாலும் வலி விடாது. ஆறு கிலோ இளைத்திருந்தேன்.

தைலம் தேய்த்த அம்மாதான் ஒருநாள், "இங்கே என்னடா முண்டு மாதிரி?" என்றார். எம்.ஆர்.ஐ. எடுத்தோம். இரண்டு முதுகெலும்புகளும் நடுவில் மெத்தைபோல் இருந்த வட்டும் (டிஸ்க்) அரித்துப்போய், பக்கத்தில் சீழ் கட்டியிருந்தது.

படத்தை மட்டும் நம்பிக் காசநோய் மாத்திரை தர இரண்டாவது மருத்துவர் மறுத்தார். வேறு கிருமியும் புற்றுநோயும்கூட இப்படித் தோன்றலாமாம். அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான். சி.டி. ஸ்கேன் உதவியோடு ஊசி செலுத்திச் சீழை எடுத்தார்கள். கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனையில், முதுகெலும்பில் காசநோய் என்பது உறுதியானது. ரிஃபாம்பிசின் என்ற முக்கியமான காசநோய் மருந்துக்குக் கட்டுப்படும் வகை.

அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். இரண்டு மாதம் நான்கு மருந்துகள், பிறகு பத்து மாதம் மூன்று. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும் என்று யாரும் முன்பே சொல்லவில்லை. முதல் நாள் வெலவெலத்துப்போனேன். கால் மரத்தாலோ, நிறங்கள் மங்கினாலோ உடனே வரச்சொல்லியிருந்தார்கள்.

ஆறாவது வாரம் வலி போனது, மாத்திரை கசந்தது. நிறுத்தவிடாமல் தினசரிக் காலண்டரில் தேதி கிழிக்கும்முன் விழுங்கவைத்தார் அம்மா. முண்டு மட்டும் லேசாகத் தங்கிவிட்டது.