கார் கேரியர்: வாங்குவதற்கு முன் போட வேண்டிய எடைக் கணக்கு

ஏழு பேர் அமரும் கார்களில் மூன்றாம் வரிசை இருக்கையை விரித்துவிட்டால் டிக்கி என்பது பெரும்பாலும் பெயருக்குத்தான் மிஞ்சுகிறது. அதனால் குடும்பத்தோடு வெளியூர் கிளம்புகிறவர்கள் கூரைமேல் ஒரு கேரியர் போடலாமா என்று யோசிப்பது இயல்பு. கடைக்குப் போனால், "நூறு கிலோ தாராளமாகத் தாங்கும்" என்று சொல்லி ஒன்றை எடுத்துக் காட்டுவார்கள். அந்த எண் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அது கேரியருக்குரிய எண்ணே தவிர, உங்கள் காருக்குரியது அன்று.

கேரியர் விஷயத்தில் எடை வரம்புகள் மூன்று உள்ளன: காரின் கூரைக்குத் தயாரிப்பாளர் விதித்த வரம்பு, கூரையோடு பிணைக்கும் கால்களுக்கும் குறுக்குக் கம்பிகளுக்கும் உரிய வரம்பு, அவற்றின்மேல் வைக்கும் கூடை அல்லது பெட்டிக்கு உரிய வரம்பு. இவற்றுள் எது குறைவோ அதுதான் உங்களுக்குச் செல்லும். காரின் வரம்பு உரிமையாளர் கையேட்டில் இருக்கும்; சிறிய கார்களுக்கும் செடான்களுக்கும் அது பெரும்பாலும் 50 முதல் 75 கிலோவுக்குள்ளும், எஸ்.யூ.வி. வகைகளில் 75 முதல் 100 கிலோவுக்குள்ளும் அமையும். ரெனோ நிறுவனம் தன் ட்ரைபர் காரின் ரூஃப் ரெயிலுக்கு, அதாவது கூரையின் இருபுறமும் நீளவாக்கில் ஓடும் கம்பிக்கு, 50 கிலோ என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. கையேட்டில் எண்ணே இல்லையென்றாலோ, கூரையில் எதையும் ஏற்றக்கூடாது என்று எழுதியிருந்தாலோ, அந்தக் காருக்குக் கேரியர் வேண்டாம் என்பதே என் கருத்து.

கூரையின் வரம்பில் கேரியரின் சொந்த எடையும் அடக்கம் என்பதுதான் பலரும் கவனிக்காத இடம். வரம்பு 50 கிலோ என்று கொள்வோம். பட்டறையில் இரும்புக் குழாய் வைத்து வெல்டிங் செய்து வாங்கிய கேரியர் 22 கிலோ இருந்தால், சாமானுக்கு மிஞ்சுவது 28 கிலோ. நிறைத்துக் கட்டிய பெரிய சூட்கேஸ் ஒன்றே 20 கிலோவைத் தொடும் என்பதால் இரண்டாவதற்கு இடமில்லை. அதே காரில் இரண்டும் சேர்ந்தே 5 கிலோ எடையுள்ள அலுமினியக் குறுக்குக் கம்பிகளைப் போட்டால் 45 கிலோ மிஞ்சும். முரட்டு இரும்புக் கேரியர் உறுதியானது என்ற நம்பிக்கை நம் ஊரில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது; உறுதி உண்மைதான், ஆனால் அந்த உறுதிக்கான விலை சாமானின் எடையில் கழிந்துவிடுகிறது.

சாமானை ஊகத்தில் எடைபோடக் கூடாது. வீட்டில் ஆள் ஏறி நிற்கும் எடைக் கருவி இருந்தால், சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை, வெறுங்கையோடு ஒருமுறை ஏறி நின்று கழித்தால் போதும். மழைக்காலமானால் இன்னொன்றும் உண்டு: தார்ப்பாய்க்குள் தண்ணீர் இறங்கி மெத்தையும் போர்வையும் நனைந்துவிட்டால், புறப்பட்டபோது இருந்த எடை ஊர் போய்ச் சேரும்போது இருக்காது.

"கூரைமேல் நாலு பேர் ஏறி உட்கார்ந்தாலும் ஒன்றும் ஆகவில்லையே, அப்புறம் ஏன் 50 கிலோ?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். நிற்கும் காரின் கூரை, எடை தூண்களின் வழியே இறங்கும்வரை, பல மடங்கு தாங்கும். அதனால்தான் காரின் கூரைமேல் விரிக்கும் கூடாரத்தில் இரண்டு பேர் படுத்து உறங்க முடிகிறது. ஓடும் காரில் கணக்கு வேறு. காய்ந்த தார்ச்சாலையில் பிரேக்கை முழுதாக அழுத்தும்போது, மேலே உள்ள பொருள் தன் எடையில் முக்கால் பங்குக்குக் குறையாத விசையோடு முன்னே பாயப் பார்க்கிறது. அந்த விசை முழுவதையும் சில போல்ட்டுகளும் பட்டைகளுமே தடுக்க வேண்டும். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதால், 70 கி.மீ. வேகத்திலிருந்து 100 கி.மீ.க்குப் போகும்போது அது இரு மடங்காகிறது. எல்லாவற்றுக்கும் மேலாகக் காரின் ஈர்ப்பு மையம் உயர்ந்துவிடுகிறது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70. ஒவ்வொன்றிலும் கார் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சாய்வதை ஓட்டுபவர் ஸ்டியரிங்கிலேயே உணர்வார். மண்பாதையிலும் கரடுமுரடான காட்டுவழியிலும் போவதானால் வரம்பை ஒன்றரையால் வகுத்துக்கொள்ளும்படி சில கேரியர் நிறுவனங்களே சொல்கின்றன: 75 கிலோ அங்கே 50 ஆகிவிடும்.

எந்தக் கேரியர் பொருந்தும் என்பதைக் கூரையின் அமைப்பு முடிவு செய்கிறது. அம்பாசிடர், ஆம்னி போன்ற பழைய வண்டிகளில் மழைநீர் வடிவதற்கான விளிம்பு கூரையின் இருபுறமும் ஓடும். கேரியரின் கால்களை அதில் மாட்டி இறுக்கினார்கள். இன்றைய பெரும்பாலான கார்களில் அது இல்லை. கூரையோடு இடைவெளி விட்டு உயர்ந்து நிற்கும் ரெயில், இடைவெளியின்றி ஒட்டிய ரெயில், மூடிக்குக் கீழே மறைந்திருக்கும் போல்ட் துளைகள், எதுவுமே இல்லாத வெற்றுக் கூரை என நான்கு வகை; ஒவ்வொன்றுக்கும் கால்கள் வேறு. இதில் ஏமாறக்கூடிய இடம் அலங்கார ரெயில். பல மாடல்களில் அது கம்பீரத்துக்காக ஒட்டிய பிளாஸ்டிக் பட்டைதான். தொட்டுப் பார்த்து மட்டும் முடிவு செய்யாமல், ரெயிலுக்கு எடை வரம்பு தரப்பட்டிருக்கிறதா என்று கையேட்டில் பார்ப்பதே சரி. கண்ணாடிக் கூரை உள்ள காரில், குறுக்குக் கம்பி அதன் திறப்பை மறிக்கிறதா என்பதையும், டிக்கிக் கதவு மேலே எழும்போது பெட்டியில் இடிக்கிறதா என்பதையும் கடையிலேயே திறந்து பார்த்துவிட வேண்டும்.

கூரை வரம்புக்குள் இருந்தாலும், பயணிகள், டிக்கிச் சாமான், கேரியர் எல்லாம் சேர்ந்து காரின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையைத் தாண்டக் கூடாது. ஏழு பேர் ஏறிய காரில் பெரும்பாலும் இந்த வரம்புதான் முதலில் முட்டும்.

ஏற்றும்போது கனமானவற்றை டிக்கியில் அடியில் வைத்து, படுக்கை, துணிப்பை, காலிக் கூலர் போன்ற இலேசானவற்றை மேலே அனுப்புங்கள். மேலே வைப்பதை இரு குறுக்குக் கம்பிகளுக்கும் சமமாகப் பரப்பி, ரப்பர் கயிற்றை நம்பாமல், பக்கிள் உள்ள நெய்த பட்டையால் கட்டுங்கள். தட்டையாக இழுத்துக் கட்டிய பட்டை காற்றில் ஓயாமல் இரைந்தால், அதை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டினால் இரைச்சல் அடங்கும். முதல் 50 கி.மீ. ஓடியதும் நிறுத்தி, கால்களின் திருகுகளையும் பட்டைகளையும் மறுபடி இறுக்க வேண்டும். புதிய கேரியரில் ரப்பர் அடிப்பட்டை அமுங்கி, திருகு சற்றுத் தளர்ந்திருக்கக்கூடும்.

சாமான் காரின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தாலோ, உயரம் அனுமதித்த அளவைத் தாண்டினாலோ, மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தால் சேர்ந்த 194(1ஏ) பிரிவின்படி 20,000 ரூபாய் அபராதம் உண்டு. சாமானை இறக்கும் செலவும் நம்முடையதே. கட்டி முடித்ததும் தரையிலிருந்து உச்சிவரை டேப் பிடித்து அளந்து, அந்த எண்ணை ஓட்டுபவரின் கண்ணில் படும்படி டாஷ்போர்டில் ஒட்டிவைத்தால், ரயில்வே சுரங்கப்பாதையின் உயரத் தடுப்புக்கும் ஓட்டலின் கீழ்த்தளப் பார்க்கிங்குக்கும் முன்னால் நின்று யோசிக்க வேண்டியிருக்காது.