இங்கிலாந்தின் யோமன் உழவர் குடும்பம்: பழைய ஆவணங்களில் நிலத்தையும் வாரிசுரிமையையும் தேடும் முறை

ஜென்ட்ரி எனப்பட்ட நிலக்கிழார்களுக்குக் கீழும், சிறு உழவர்களுக்கும் கூலியாட்களுக்கும் மேலும் இருந்த யோமன் உழவர்கள், 16ஆம் நூற்றாண்டிலிருந்து 19ஆம் நூற்றாண்டு வரை இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் ஏராளமான எழுத்துச் சான்றுகளை விட்டுச்சென்றிருக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பிரித்துக்கொடுக்கும் அளவுக்கு அவர்களிடம் சொத்து இருந்தது. ஆனால் பத்திரங்களைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவைக்கும் மாளிகைகள் இல்லை. அதனால் அவர்களுடைய வரலாறு தேவாலய நீதிமன்றங்களிலும், மேனர் எனப்பட்ட பிரபுவின் ஆட்சிநிலத்து நீதிமன்றச் சுருள்களிலும், வரிப் பட்டியல்களிலும் சிதறிக் கிடக்கிறது. தேடப் புறப்படுகிறவர் பெரும்பாலும் உயிலைத்தான் முதலில் எடுக்கிறார். அதில் நிலம் காணப்படாவிட்டால் குடும்பத்துக்கு நிலமே இல்லை என்றும், மூத்த மகனின் பெயர் இல்லாவிட்டால் அவன் விலக்கப்பட்டான் என்றும் முடிவுகட்டிவிடுகிறார். இந்த இரண்டு முடிவுகளும் பல வேளைகளில் தவறானவை. நிலம் எந்த உரிமையில் இருந்ததோ அதைப் பொறுத்தே அது எந்த ஆவணத்தில் பதிவாகும் என்பது அமைந்தது. ஆகவே ஆளைத் தேடுவதோடு, அவர் உழுத ஒவ்வொரு வயலும் எந்த வகை உரிமையில் இருந்தது என்பதையும் தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

உரிமைவகைகள் மூன்று என்று வைத்துக்கொள்ளலாம். ஃப்ரீஹோல்டு என்பது முழுச் சொந்த நிலம்; அது பத்திரத்தின் வழியாகவும், 1540ஆம் ஆண்டின் உயில் சட்டத்துக்குப் பிறகு உயிலின் வழியாகவும் கைமாறியது. காப்பிஹோல்டு என்பது மேனர் பிரபுவின் கீழ், அந்த மேனரின் வழக்கப்படி அனுபவிக்கப்பட்ட நிலம். நீதிமன்றச் சுருளில் எழுதப்பட்ட பதிவின் நகலே உழவரிடம் இருந்த உரிமைச் சான்று. மூன்றாவது குத்தகை. இத்தனை ஆண்டுகளுக்கு என்று எழுதப்பட்ட குத்தகையைச் சட்டம் அசையும் பொருள்களோடு சேர்த்தே எண்ணியது. ஒரே குடும்பம் வீட்டையும் அதை ஒட்டிய தோட்டத்தையும் ஃப்ரீஹோல்டாகவும், பொதுவயலில் இருந்த துண்டுகளைக் காப்பிஹோல்டாகவும், ஆற்றோரப் புல்வெளியைக் குத்தகையாகவும் வைத்திருப்பது சாதாரணம். யோமன் என்பது ஒருவருடைய சமூக நிலையைக் காட்டும் பெயரே தவிர, நிலம் முழுவதும் அவருக்குச் சொந்தம் என்பதற்கு உறுதி அன்று.

தெரிந்த இடத்திலிருந்து பின்னோக்கிச் செல்வதே பாதுகாப்பான வழி. தேவாலயத்துக்கு விளைச்சலில் பத்தில் ஒரு பங்காகச் செலுத்தப்பட்ட தசமபாகம் பற்றிய 1836ஆம் ஆண்டின் சட்டத்தின்படி வரையப்பட்ட நிலப்படங்களும் அவற்றோடு இணைந்த அட்டவணைகளும் மிக நல்ல தொடக்கப்புள்ளி. இங்கிலாந்து, வேல்ஸ் ஆகியவற்றின் பரப்பில் சுமார் நான்கில் மூன்று பங்குக்கு இவை உள்ளன. ஒவ்வொரு வயலுக்கும் எண், பெயர், பரப்பு, பயன்பாடு, உரிமையாளர், உழுபவர் ஆகிய விவரங்கள் தனித்தனியாக இருக்கும். குடும்பத்தின் வயல்பெயர்களை இங்கிருந்து எழுதிக்கொள்ளுங்கள்; மனிதர்கள் மாறினாலும் வயல்பெயர்கள் பல தலைமுறை நீடிக்கும் இயல்புடையவை. ஒரே பெயருடைய தந்தையையும் மகனையும், ஒன்றுவிட்ட சகோதரர்களையும் பிரித்தறிய அவையே பெரும்பாலும் துணைசெய்கின்றன. இதற்கு முன்னால், 1780 முதல் 1832 வரை நிலவரிப் பட்டியல்கள், கவுண்டி எனப்படும் மாவட்டம் போன்ற பகுதிகள் பலவற்றில் தொடர்ச்சியாகக் கிடைக்கின்றன. வாக்குரிமைக்குச் சான்றாகப் பயன்பட்டதால்தான் அவை பாதுகாக்கப்பட்டன. ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டு வந்தால், உரிமையாளர் பெயர் மாறும் ஆண்டு ஒரு மரணத்தையோ விற்பனையையோ சுட்டும். அந்த ஆண்டை ஒட்டி உயிலையும் மேனர் சுருளையும் தேடலாம். காப்பிஹோல்டு உழவர்களும் இப்பட்டியல்களில் உரிமையாளர் என்றே எழுதப்பட்டிருக்கக்கூடும் என்பதை மறந்துவிடக் கூடாது.

இனி உயில். 1858 ஜனவரி 12 முதல் உயில்களை மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசு நீதிமன்றத்துக்கு வந்தது. அதற்கு முன்பு அது தேவாலய நீதிமன்றங்களிடம் இருந்தது. ஆயருக்குக் கீழ் மறைமாவட்டத்தின் ஒரு பகுதியைக் கவனித்த ஆர்ச்டீக்கன் ஒருவரின் எல்லைக்குள்ளேயே சொத்து இருந்தால் அவருடைய நீதிமன்றத்திலும், பல ஆர்ச்டீக்கன்களின் எல்லைகளில் இருந்தால் ஆயரின் நீதிமன்றத்திலும், ஒன்றுக்கு மேற்பட்ட மறைமாவட்டங்களில் ஐந்து பவுண்டுக்கு மேற்பட்ட பொருள் இருந்தால் கேன்டர்பரி அல்லது யார்க் பேராயரின் நீதிமன்றத்திலும் உயில் மெய்ப்பிக்கப்பட்டது. இவற்றுக்கெல்லாம் உட்படாத தனி அதிகார எல்லைகளும் இருந்தன. ஆகவே ஒரே ஒரு பட்டியலைப் பார்த்துவிட்டு உயில் இல்லை என்று சொல்ல இயலாது. கேன்டர்பரி நீதிமன்றத்தின் உயில் பதிவேடுகள் 1384 முதல் 1858 வரை கியூவில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் புரோப் 11 என்னும் தொகுதியில் இருக்கின்றன. யார்க் நீதிமன்றத்து உயில்கள் யார்க் பல்கலைக்கழகத்தின் போர்த்விக் நிறுவனத்தில் உள்ளன. மற்றவை பெரும்பாலும் கவுண்டி ஆவணக்காப்பகங்களில் கிடைக்கும். 1653 முதல் 1660 வரை நாடு முழுவதற்கும் லண்டனில் ஒரே நீதிமன்றம் இருந்ததால், அந்த ஆண்டுகளில் இறந்தவர் எந்த மூலையில் வாழ்ந்திருந்தாலும் அவருடைய உயிலைக் கேன்டர்பரி பதிவேடுகளிலேயே தேட வேண்டும்.

உயிலைக் கண்டுபிடிப்பதைவிட அதைச் சரியாகப் படிப்பது கடினம். 1685இல் இறந்த ஒரு யோமனின் உயிலில் மூத்த மகனுக்கு ஒரு ஷில்லிங், இரண்டாம் மகனுக்கு 40 பவுண்டு, மகள்கள் இருவருக்கும் ஆளுக்கு 30 பவுண்டு, மனைவிக்கு ஓர் அறையும் ஒரு பசுவும் என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். மேலோட்டமாகப் பார்த்தால் மூத்தவன் அவமதிக்கப்பட்டதாகத் தோன்றும். ஆனால் நிலம் அவனுக்குத் திருமண உடன்படிக்கையின் மூலம் முன்பே எழுதித்தரப்பட்டிருக்கலாம். காப்பிஹோல்டு நிலம் மேனர் வழக்கப்படி அவனை வந்தடையலாம். உயிலில் குறிப்பிடாத ஃப்ரீஹோல்டு நிலம் சட்டப்படி மூத்த மகனுக்கே இறங்கும். மற்றப் பிள்ளைகளுக்கான தொகையை யார் கொடுக்க வேண்டும், எத்தனை ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும், கொடுக்கத் தவறினால் எந்த வயலைக் கைப்பற்றலாம் என்று அடுத்த வரிகளில் எழுதியிருந்தால், அந்தச் சுமை யார் தலையில் வைக்கப்பட்டதோ அவரே நிலத்தைப் பெற்றவர். என் மதிப்பீட்டில், யோமன் குடும்பங்களின் ஏற்றஇறக்கத்தை விளக்கும் திறவுகோல் இந்தத் தொகைகள்தாம். நிலம் உடையாமல் ஒருவனிடம் போனாலும், தம்பி தங்கைகளின் பங்கைப் பணமாகக் கொடுக்க அவன் கடன்பட்டான். அந்தக் கடன் அடுத்த இருபது ஆண்டுக்குள் அடமானப் பத்திரமாகத் தலைகாட்டுவதைப் பலமுறை காணலாம். உறவுப்பெயர்களையும் இன்றைய பொருளில் எடுத்துக்கொள்ளக் கூடாது. மருமகன் என்று இன்று பொருள்படும் சன்-இன்-லா என்னும் ஆங்கிலச் சொல்லால் மனைவியின் முந்தைய கணவருக்குப் பிறந்த மகனையும் அக்காலத்தில் குறித்தார்கள்.

மனைவிக்கு எழுதப்பட்டது சொற்பமாகத் தெரிந்தாலும் அவளுக்குச் சட்டம் தந்த உரிமை தனியே இருந்தது என்பதையும் கருத வேண்டும். கணவனின் ஃப்ரீஹோல்டு நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை விதவை தன் வாழ்நாள்வரை அனுபவிக்கலாம். காப்பிஹோல்டு நிலத்தில் அவளுடைய பங்கு மேனருக்கு மேனர் வேறுபட்டது, மறுமணம் செய்துகொண்டால் இழக்கப்படுவதும் உண்டு. மணமான பெண் கணவனின் இசைவின்றி உயில் எழுத முடியாத நிலை 1882ஆம் ஆண்டின் சட்டம் வரை நீடித்ததால், பெண்கள் எழுதிய பழைய உயில்கள் பெரும்பாலும் விதவைகளுடையவை, மணமாகாதவர்களுடையவை. விதவையின் உயிலைக் கட்டாயம் தேடுங்கள். கணவனின் உயிலில் விடுபட்ட மணமான மகள்களும் பேரப்பிள்ளைகளும் அதில்தான் பெயரோடு வருவார்கள்.

உயிலோடு இணைந்த உடைமைப் பட்டியல் 16ஆம் நூற்றாண்டிலிருந்து 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஓரளவு மிகுதியாகக் கிடைக்கிறது. அண்டை அயலார் இருவரோ அதற்கு மேற்பட்டோரோ அறை அறையாக நடந்து மதிப்பிட்டது அது. ஃப்ரீஹோல்டு நிலமும் காப்பிஹோல்டு நிலமும் அதில் இடம்பெறா. குத்தகையின் மதிப்பு, கால்நடை, களஞ்சியத்தில் இருக்கும் தானியம், வயலில் நிற்கும் பயிர், பிறருக்குக் கொடுத்த கடன் ஆகியவை இடம்பெறும். இத்தனை ஏக்கர் கோதுமை விதைக்கப்பட்டது என்ற ஒரு வரி, பண்ணையின் அளவை உயிலைவிடத் தெளிவாகச் சொல்லும். பட்டியலின் மொத்தத் தொகையை மட்டும் பார்த்து அவர் செல்வரா வறியவரா என்று தீர்மானிப்பது சரியன்று. அவர் பிறருக்குத் தர வேண்டிய கடன்கள் அந்தக் கூட்டுத்தொகையில் பொதுவாகக் கழிக்கப்படுவதில்லை.

உயில் எழுதாமல் இறந்தவருடைய அசையும் பொருள்கள், 1670ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டப்படி, மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கும் எஞ்சியது பிள்ளைகளுக்குச் சமமாகவும் சென்றன. நிலத்துக்கு விதி வேறு: 1925ஆம் ஆண்டின் சட்டம் அடுத்த ஆண்டு ஜனவரியில் நடைமுறைக்கு வரும்வரை மூத்த மகனே வாரிசு; மகன் வழியில் யாரும் இல்லையென்றால் மகள்கள் அனைவரும் சமமாகப் பெற்றனர். கென்ட் கவுண்டியில் கேவல்கைண்ட் என்னும் வழக்கப்படி மகன்கள் எல்லாரும் சமபங்கு பெற்றார்கள். சசெக்ஸ் முதலிய இடங்களின் சில மேனர்களில் இளைய மகனே வாரிசு. ஊரின் வழக்கத்தை அறியாமல் குடும்பமரத்தை ஊகித்தால், இளையவனை மூத்தவன் என்று எழுதிவைக்க நேரும்.

காப்பிஹோல்டு நிலத்தைத் தேடுகிறவர் பொறுமைக்கு மிகுந்த பயனைப் பெறுகிறார். உழவர் இறந்ததும் அந்தச் செய்தி மேனர் நீதிமன்றத்தில் அறிவிக்கப்படும். வாரிசு வந்து உரிமை கோரும்படி மூன்று முறை வரை கூவப்படும். வாரிசு வந்து நுழைவுத்தொகை செலுத்தி நிலத்தில் சேர்த்துக்கொள்ளப்படுவார். இறந்தவரின் சிறந்த கால்நடையைப் பிரபு எடுத்துக்கொள்ளும் வழக்கமும் பல இடங்களில் இருந்தது. இவை அனைத்தையும் காரியஸ்தர் சுருளில் எழுதினார். வாரிசின் வயது, இறந்தவரோடு உள்ள உறவு, சிறுவனாக இருந்தால் காப்பாளரின் பெயர், அந்த நிலத்தை முன்பு வைத்திருந்தவர்களின் பெயர்கள் எல்லாம் ஒரே பதிவில் கிடைப்பது உண்டு. ஒவ்வொரு பதிவும் முந்தைய பதிவைச் சுட்டுவதால் மூன்று நான்கு தலைமுறைகளைத் தொடர்ச்சியாகக் கோத்துக்கொண்டு போகலாம். உயிலின் வழியாக நிலத்தைக் கொடுக்க விரும்பியவர், முதலில் நீதிமன்றத்தில் அதைத் தம் உயிலின் பயனுக்காக ஒப்படைக்க வேண்டியிருந்தது. 1815ஆம் ஆண்டின் சட்டமே இந்த நடைமுறையைத் தேவையற்றதாக்கியது. ஆகவே இறப்புக்கு முந்தைய ஆண்டுகளின் சுருள்களையும் பார்க்க வேண்டும். எந்த மேனரின் சுருள்கள் எங்கே உள்ளன என்பதைத் தேசிய ஆவணக்காப்பகத்தின் மேனர் ஆவணப் பதிவேடு சொல்லும். மேனரின் எல்லையும், பாரிஷ் எனப்பட்ட தேவாலயப் பங்கின் எல்லையும் ஒன்றல்ல. ஒரு பாரிஷுக்குள் பல மேனர்கள் இருக்கலாம்.

சுருள்கள் 1733 வரை, மன்னர் இல்லாத 17ஆம் நூற்றாண்டுக் குடியரசுக் காலத்தின் சில ஆண்டுகள் நீங்கலாக, லத்தீனில் எழுதப்பட்டன. அச்சம் வேண்டாம், வாசகங்கள் திரும்பத் திரும்ப ஒரே அமைப்பில் வருவதால், 1733க்குப் பிந்தைய ஆங்கிலப் பதிவுகளை முதலில் படித்து அந்த அமைப்பை மனத்தில் நிறுத்திக்கொண்டு பின்னோக்கிப் போனால் பெயர்களும் வயல்களும் புலப்படும். தேதியில்தான் பலரும் வழுக்குகிறார்கள். 1752க்கு முன்பு இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25இல் தொடங்கியது. 1684 பிப்ரவரி என்று எழுதப்பட்ட உயில், நம் கணக்கில் 1685 பிப்ரவரியைச் சேர்ந்தது. மன்னரின் ஆட்சியாண்டால் தேதி குறிக்கப்பட்டிருந்தால் அதை உடனே மாற்றி எழுதிவையுங்கள்.

ஃப்ரீஹோல்டு பத்திரங்களில் எழுதியிருப்பதை அப்படியே நம்பினால் ஏமாற்றம் உண்டாகும். 17ஆம் நூற்றாண்டிலிருந்து 1841 வரை விற்பனைகள் பெரும்பாலும் இரண்டு பத்திரங்களாக, ஓராண்டுக் குத்தகை ஒரு நாளும் அதன் உரிமைவிடுப்பு மறுநாளும் எழுதப்பட்டன. முதல் பத்திரத்தை மட்டும் கண்டவர் குடும்பம் குத்தகைக்கு விட்டது என்று நினைத்துவிடுவார்; உண்மையில் அது விற்பனை. ஆயிரம் ஆண்டுக் குத்தகை என்று எழுதப்பட்டது பெரும்பாலும் அடமானம். பத்திரத்தின் முன்னுரைப் பகுதியில் முந்தைய உயில்களும் திருமண உடன்படிக்கைகளும் வரிசையாக எடுத்துரைக்கப்படும். மூலங்கள் தொலைந்துபோன இடத்தில் இந்த முன்னுரையே சான்று. யார்க்ஷயர் கவுண்டியின் பிரிவுகளான ரைடிங்குகளுள் மேற்கு ரைடிங்கில் 1704 முதலும், மிடில்செக்ஸிலும் யார்க்ஷயரின் மற்ற ரைடிங்குகளிலும் அதன் பின்னரும் பத்திரப் பதிவகங்கள் இயங்கின. குடும்பம் அப்பகுதியைச் சேர்ந்ததாக இருந்தால் அங்கிருந்தே தேடலைத் தொடங்கலாம். டெவன் போன்ற மேற்குக் கவுண்டிகளில் மூவர் வாழ்நாள்வரை என்று எழுதப்பட்ட குத்தகைகள் பரவலாக இருந்தன. அந்த மூவர் பெரும்பாலும் உழவரின் மனைவியும் பிள்ளைகளுமே என்பதால், வயதும் உறவும் அவற்றில் பதிந்திருக்கும்.

டெவனைத் தேடுகிறவருக்கு ஒரு பெரிய இழப்பும் காத்திருக்கிறது. எக்ஸிடரில் இருந்த உயில்கள் 1942ஆம் ஆண்டின் குண்டுவீச்சில் எரிந்துபோயின. அங்கே, 1796க்குப் பிந்தைய மரணங்களுக்கு இறப்புவரிப் பதிவேடுகளையும், அதற்கு முந்தையவற்றுக்குக் குத்தகைப் பத்திரங்களையும் மேனர் சுருள்களையும் நாட வேண்டும். எந்தக் கவுண்டியாக இருந்தாலும், உடன்பிறந்தோர் பங்குக்காக வழக்காடியிருந்தால், தேசிய ஆவணக்காப்பகத்தில் உள்ள, சொத்து வழக்குகளை விசாரித்த சான்சரி நீதிமன்றத்தின் வழக்குரைகள் ஆங்கிலத்திலேயே இருக்கும். இரு தரப்பும் தத்தம் நியாயத்தைச் சொல்வதால் அவற்றில் ஒரு பக்கத்தை மட்டும் படித்துவிட்டு நம்பக் கூடாது. வாதியின் மனுவுக்கு எதிர்வாதி தந்த பதிலையும் எடுத்து, இரண்டும் ஒத்துக்கொள்ளும் பெயர்களையும் தேதிகளையும் முதலில் குறித்துக்கொண்டு, முரண்படுபவற்றை மேனர் சுருளோடும் பாரிஷ் பதிவேட்டோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.