பிரசவ வலிக்கு எதை முதலில் செய்து பார்ப்பது?

அம்பாசமுத்திரத்தில் என் மதினியின் இரண்டு பிரசவத்துக்கும் கூடவே நின்றவள் நான். வலி எங்கே பிடிக்கிறது என்று முதலில் கேளுங்கள். நடு இடுப்பு என்றால் அமுக்குவதுதான் நல்லது. வலி ஏறும்போது இடுப்புக்குக் கீழே, பிட்டத்துக்கு மேலே உள்ள எலும்பில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து அழுத்துங்கள்; இறங்கியதும் விடுங்கள். மதினி சுவரைப் பிடித்துக் குனிந்தபடி, “இன்னும் நல்லா அமுக்குளா” என்றாள். என் மணிக்கட்டு மரத்தே போய்விட்டது.

அடிவயிறு இழுத்தால் வெந்நீர் ஊற்றலாம், வெதுவெதுப்பு போதும். பனிக்குடம் உடைந்துவிட்டால் ஊற்றுவதற்கு முன் நர்ஸிடம் கேளுங்கள். தெம்பு இருக்கும்வரை நடை. களைத்தால் ஒருக்களித்துப் படுத்து மூச்சை நீளமாக விடுவது. ஒன்று ஒத்துவரவில்லையா, சரி, அடுத்ததுக்கு மாறுங்கள். ஆச்சி சொன்னாலும் விளக்கெண்ணெய் குடிப்பது மட்டும் வேண்டாம். ரத்தம் போனாலோ, பிள்ளை அசைவு குறைந்தாலோ உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.