அசல் எது, ஒப்பனை எது: பழைய மசில் கார் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினான். 1969 ஷெவர்லே கமேரோ. இன்ஜின் பிளாக்கில் குத்திய எண் பளபளவென்று தெரிகிறது. கீழே, "நம்பர்ஸ் மேட்சிங் அண்ணா, இசட்/28தான். முன்பணம் அனுப்பிடவா?" என்று கேட்டிருந்தான். அந்தப் பளபளப்பைப் பார்த்ததுமே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2006இல் இதே மாதிரி ஒரு எண்ணைப் பார்த்துத்தான் நானும் பணத்தை நீட்டினேன்.

டெட்ராய்ட் பக்கம் வேலைக்கு வந்த நம் ஆட்கள் பலருக்கு இந்த ஆசை வந்துவிடும். ஆகஸ்டில் உட்வர்ட் அவென்யூவில் நடக்கும் ட்ரீம் க்ரூஸ் என்ற பழைய கார் ஊர்வலத்தை ஒரு தடவை பார்த்தால் போதும். ஆசையில் தப்பே இல்லை. ஆனால் 1960, 70களில் பெரிய இன்ஜினோடு வந்த அந்த அமெரிக்க மசில் கார்களில் ஒரே உடலைத்தான் சாதாரண வண்டியாகவும் வேக வண்டியாகவும் (கமேரோவில் எஸ்எஸ், இசட்/28 மாதிரி) விற்றார்கள். அன்று இரண்டுக்கும் விலையில் சில நூறு டாலர்தான் வித்தியாசம். இன்று அது பல்லாயிரம் டாலர். அந்த இடைவெளிக்காகத்தான் சாதாரண வண்டிகளை அலங்கரித்து விற்கிறார்கள்.

பேட்ஜ், கோடு, பானட் எல்லாம் கடையில் கிடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். விஷயம் தெரிந்தவர்களே இடறும் இடங்களைச் சொல்கிறேன்.

ஒரு ஆண்டின் விதியை அடுத்த ஆண்டுக்குப் போடுவது

வின் நம்பர், அதாவது நம் ஊரில் சேஸிஸ் நம்பர் என்று சொல்வது, எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது என்ன சொல்லும் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

ஷெவர்லேயின் ஷெவெல் எஸ்எஸ்396ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1966 முதல் 1968 வரை அது தனி மாடல். எண் 138 என்று தொடங்கினால் எஸ்எஸ், கதை முடிந்தது. 1969இல் ஷெவர்லே அதைத் தனி மாடலிலிருந்து எடுத்து, கூடுதல் காசு கொடுத்தால் வரும் ஆப்ஷனாக்கிவிட்டது. அந்த ஆண்டு அசல் எஸ்எஸ்ஸின் எண்ணும் சாதாரண ஷெவெலான மாலிபு வி8 (எட்டு சிலிண்டர் இன்ஜின்) போல 136 என்றே தொடங்கலாம். '138 இல்லை, போலி' என்று நல்ல 1969 வண்டியைக் கைவிட்டவர்களை எனக்குத் தெரியும். '136 என்றாலும் எஸ்எஸ்தான்' என்ற விற்பவரின் பேச்சை வேறு எந்தச் சான்றும் கேட்காமல் நம்பியவர்களையும் தெரியும்.

பான்டியாக் ஜிடிஓ இதற்கு நேர்மாறு. 1964, 65இல் அது லெமான்ஸ் வண்டியின் மேல் வந்த ஆப்ஷன், எண்ணில் ஒன்றும் தெரியாது. 1966 முதல் 1971 வரை 242 என்ற தனித் தொடர். 1972இல் மறுபடியும் ஆப்ஷன். ஓல்ட்ஸ்மொபீல் 442ம் அப்படியே அலைந்திருக்கிறது: 1968 முதல் 1971 வரை மட்டும் 344 என்ற தனித் தொடர், முன்னும் பின்னும் ஆப்ஷன்.

பான்டியாக் ஆசைப்படுபவர்களுக்கு ஒரு நிம்மதி உண்டு. அந்த வண்டிகளின் பழைய பில் பதிவுகள் மைக்ரோஃபிலிமில் தப்பிப் பிழைத்திருக்கின்றன. பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸில் வின் கொடுத்துப் பணம் கட்டினால் நகல் வரும். அந்த நகல் இல்லாமல் 1964 ஜிடிஓ என்று யார் சொன்னாலும் நான் அதை லெமான்ஸ் என்றே எடுத்துக்கொள்வேன்.

இன்ஜினில் குத்திய எண்ணை நம்புவது

இதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது.

1967 முதல் 1969 வரை வந்த கமேரோவில் வின் நம்பர் வி8 இன்ஜின் என்பதைச் சொல்லும். அதற்கு மேல் சொல்லாது. எஸ்எஸ்ஸா, இசட்/28ஆ என்று அதை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் எல்லோரும் இன்ஜினைப் பார்க்கிறார்கள். பிளாக்கின் முன்பக்கம், பயணி இருக்கைப் பக்கத்து சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், 1969 வண்டியில் ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் ஒளிந்தாற்போல, ஒரு சின்னச் சமதளம் இருக்கிறது. பேட் என்பார்கள். அதில் பெரும்பாலும் இரண்டு எண்கள் குத்தியிருக்கும். ஒன்று இன்ஜின் ஆலையில் குத்தியது: பூட்டிய தேதி, பிறகு எந்த வகை இன்ஜின் என்ற எழுத்துகள். 1969 இசட்/28இன் 302 கன அங்குல இன்ஜினுக்கு 'டிஇசட்'. இன்னொன்று கார் ஆலையில் குத்தியது: அந்த வண்டியின் வின் நம்பரின் ஒரு பகுதி. அது வண்டியோடு பொருந்தினால் 'மேட்சிங் நம்பர்ஸ்'.

நான் வாங்கியதில் எல்லாம் பொருந்தியது. மார்ச் 4 தேதி, டிஇசட், வின் பகுதி, ஒரு எழுத்து பிசகவில்லை. சாதாரண வி8 கமேரோவை விட ஏறக்குறைய 20,000 டாலர் அதிகம் கொடுத்தேன்.

மூன்று மாதம் கழித்து, கார் ஆலையில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் வந்தார். பேட்டின் மேல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார். ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. "கோடுகள் எங்கே?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை.

ஆலையில் பிளாக்கின் மேல்தளத்தை ப்ரோச் என்ற பெரிய இழைப்பு இயந்திரம் ஒரே இழுப்பில் சீவும். அதனால் பேட்டில் முன்னிருந்து பின்னாக மெல்லிய நேர்க்கோடுகள் படிந்திருக்கும், சீப்பால் இழுத்த மாதிரி. எண்கள் அந்தக் கோடுகளுக்கு மேல்தான் குத்தப்பட்டன. பிற்பாடு யாராவது பிளாக்கை மெஷின் ஷாப்பில் கொடுத்துத் தேய்த்தால் கோடுகளும் போகும், எண்ணும் போகும். என் வண்டியில் கோடுகள் இல்லை, வட்ட வட்டமாகத் தேய்த்த தடம் மட்டும் இருந்தது. ஆனால் எண் மட்டும் பளிச்சென்று இருந்தது. அது பிற்பாடு குத்திய எண்.

அடுத்து அவர் இன்னொன்றைக் காட்டினார். இரண்டு எண்களும் இரண்டு வெவ்வேறு ஆலைகளில், வெவ்வேறு அச்சுகளால் குத்தப்பட்டவை. எழுத்தின் உருவம், ஆழம், சாய்வு இவற்றில் சின்ன வேறுபாடாவது இருக்க வேண்டும். என்னுடையதில் இரண்டும் ஒரே கை எழுதியது போல இருந்தன.

கடைசியாகப் பல் டாக்டர் வைத்திருப்பது மாதிரி ஒரு சின்னக் கண்ணாடியை எடுத்து, பிளாக்கின் பின்புறம், கியர்பாக்ஸ் சேரும் விளிம்பைப் பார்க்கச் சொன்னார். அங்கே பிளாக்கை வார்த்த தேதி புடைப்பாக இருக்கும்: மாதத்துக்கு ஒரு எழுத்து, நாள், ஆண்டுக்கு ஒரே ஒரு இலக்கம். 'ஜி 11 9' என்று இருந்தது. ஜூலை 11. மார்ச்சில் பூட்டியதாக முன்னால் குத்தியிருக்கும் இன்ஜின், பின்னால் ஜூலையில் வார்க்கப்பட்டிருக்கிறது. அந்த '9' 1969தானா என்பது கூட உறுதியில்லை. என் பிளாக்கின் வார்ப்பு எண் 3970010. அந்த வகை 302இல் வந்தது மட்டுமல்ல, 1970கள் முழுக்க 350 இன்ஜின்களில் ஓடியது, சரக்கு வண்டிகளிலும் கூட. 1979ஆகவும் இருக்கலாம்.

வரிசை எப்போதும் இதுதான்: முதலில் வார்த்த தேதி, பிறகு இன்ஜின் பூட்டிய தேதி, பிறகு கார் கட்டிய தேதி. மூன்றுக்கும் நடுவே சில நாட்களோ சில வாரங்களோ இருக்கலாம். வரிசை மாறினால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

இன்னொரு வலி. பதில் வண்டியிலேயே இருந்தது. இன்ஜின் அறையின் பின் தடுப்பில் இருக்கும் டிரிம் தகட்டில் 'எக்ஸ்11' என்று போட்டிருந்தது. 1969இல் ஓஹையோவின் நார்வுட் ஆலை அந்தக் குறியீட்டைப் பயன்படுத்தியது. இசட்/28 என்றால் எக்ஸ்33 அல்லது எக்ஸ்77 இருக்க வேண்டும். எக்ஸ்11 என்றால் என்ன என்று விற்றவரைக் கேட்டேன். "ஸ்டைல் டிரிம்" என்றார். அது உண்மை. அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. (அந்த ஆண்டின் முதல் சில மாதங்களில் நார்வுட்டிலும் இந்தக் குறியீடு கிடையாது. லாஸ் ஏஞ்சலிஸ் ஆலை வண்டிகளில் எப்போதுமே கிடையாது. அதனால் குறியீடு இல்லை என்பதற்காக ஒரு வண்டியை ஒதுக்க வேண்டாம்.)

சரி, எண்ணை நம்பக் கூடாது என்றால் வேறு எதை நம்புவது? யாரும் மெனக்கெட்டு மாற்றாத சின்னச் சின்னப் பொருட்களை. பின் ஆக்சில் மூடியில் 12 போல்ட் இருக்கிறதா என்று எல்லோரும் எண்ணுவார்கள். ஆனால் ஆக்சிலை ஒரு நாளில் மாற்றிவிடலாம். பெட்ரோல் குழாயைப் பாருங்கள். இசட்/28இல் 3/8 அங்குலம், சாதாரண வண்டியில் 5/16. பின் ஸ்பிரிங்கில் ஒரே பட்டையா, பல பட்டைகளா பாருங்கள். 1969 இசட்/28க்குப் பல பட்டைகள். ஏசிக்கான ஓட்டைகளை அடைத்த தடம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இசட்/28இல் ஏசியும் கிடையாது, ஆட்டோமேட்டிக் கியரும் கிடையாது. இதில் எதுவும் தனியாக நின்று சாட்சி சொல்லாது. எல்லாம் ஒரே திசையைக் காட்ட வேண்டும்.

பெரிய இன்ஜின் இருந்தால் எஸ்எஸ் என்பது

இல்லை. 1970 மாலிபுவிலேயே 402 கன அங்குல இன்ஜின் வாங்க முடிந்தது, எஸ்எஸ் இல்லாமல்.

கிறைஸ்லர் எழுத்துகளை மனப்பாடம் செய்துகொண்டு போவது

கிறைஸ்லரின் பிளிமத், டாட்ஜ் வண்டிகள் மற்றவர்களுடையதை விட நேர்மையானவை. வண்டியின் தரமும் இன்ஜினும் வின் நம்பரிலேயே இருக்கின்றன. 1970இல் 'பிஎச்23' சாதாரண பாரகூடா, 'பிஎஸ்23' அதன் வேக வகையான குடா. 1969இல் 'எக்ஸ்பி29' சாதாரண சார்ஜர், 'எக்ஸ்எஸ்29' ஆர்/டி என்ற வேக வகை. அந்த ஆர்/டியில் ஆலை வைத்தது 440 கன அங்குல இன்ஜின், அல்லது கூடுதல் காசுக்கு ஹெமி என்ற புகழ்பெற்ற 426. 383 இன்ஜினோடு ஒரு 1969 ஆர்/டி வந்தால் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது.

இடறும் இடம் ஐந்தாவது எழுத்து, அதாவது இன்ஜின் எழுத்து. 1968, 69இல் ஹெமிக்கு 'ஜே'. 1970இல் ஹெமிக்கு 'ஆர்'. அதே 1970இல் 'ஜே' என்பது மூன்று கார்புரேட்டர் வைத்த 340. அதுவும் அருமையான இன்ஜின், ஆனால் ஹெமி இல்லை. 'ஜே என்றால் ஹெமி' என்று ஆண்டைப் பார்க்காமல் ஏலத்தில் கை தூக்கியவரை நேரில் பார்த்திருக்கிறேன்.

மஸ்டாங் ஜிடி

மஸ்டாங் மாதிரி 1967 முதல் வந்த ஃபோர்டு என்றால் மார்ட்டி ரிப்போர்ட் வாங்குங்கள். ஃபோர்டின் உற்பத்திப் பதிவிலிருந்தே அந்த வண்டி எப்படிக் கட்டப்பட்டது என்று வரும். 1965, 66க்கு அந்தப் பதிவு இல்லை. ஆனால் ஒரு வடிகட்டி உண்டு: அப்போது ஜிடி வாங்க 'ஏ' அல்லது 'கே' எழுத்து இன்ஜின் கட்டாயம். வின்னில் 'சி' இருந்தால் ஆலை ஜிடி இல்லை, முன்னால் எத்தனை ஃபாக் லைட் வைத்திருந்தாலும்.

"காகிதமெல்லாம் வீட்டில் இருக்கிறது"

விற்பவர் இப்படிச் சொன்னால், அந்தக் காகிதத்தைப் பார்த்த பிறகுதான் முன்பணம்.

வின் தகட்டின் ஆணி மாறியிருந்தால்

வாங்க வேண்டாம். வின் தகட்டைக் கழற்றுவது இங்கே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம்.

எளிய வண்டியைத் திரும்பிப் பார்க்காமல் போவது

அலங்கரித்த வண்டிக்குப் பயந்து பயந்து, எதிர்ப்பக்கம் விழுவதும் உண்டு. 1969இல் சில டீலர்கள் சிறப்பு ஆர்டர் வழியாக 427 இன்ஜின் வைத்த கமேரோவை வரவழைத்தார்கள். கோபோ என்பார்கள். 9561 என்ற ஆர்டரில் 425 குதிரைத்திறன் கொண்ட இரும்பு பிளாக். 9560இல் அலுமினியம் பிளாக், அது மொத்தம் 69 வண்டிதான். அவற்றில் எஸ்எஸ் பேட்ஜ் கிடையாது, 427 என்ற எழுத்தும் கிடையாது. நார்வுட் தகட்டில் கூடச் சாதாரண வண்டியின் குறியீடுதான். ஒரு கிழவி கடைக்கு ஓட்டிப் போகும் வண்டி மாதிரி நிற்கும்.

அமெரிக்காவில் விற்ற கமேரோவுக்கு, ஷெவர்லேயின் தாய் நிறுவனமான ஜிஎம்மிடம், ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனிப் பதிவு இல்லை. கனடாவில் முதலில் விற்றவற்றுக்கு ஜிஎம் கனடாவின் ஆவணங்கள் உண்டு. பழைய கனடா வண்டி என்று தெரிந்தால் முதல் வேலையாக அதைக் கேட்டு வாங்குங்கள்.

தம்பியின் வண்டியைச் சனிக்கிழமை போய்ப் பார்த்தோம். டார்ச், சின்னக் கண்ணாடி, பழைய துணி. பேட்டில் கோடுகள் இல்லை. நான் பயந்தது போலவே பிற்பாடு குத்திய எண். ஆனால் டிரிம் தகட்டில் எக்ஸ்77. பெட்ரோல் குழாய் 3/8. பின் ஸ்பிரிங் பல பட்டை. எதிலும் கை பட்ட தடமில்லை. முதல் உரிமையாளரின் வாரன்டி புத்தகத்தில் ஒட்டியிருந்த உலோகத் தகட்டில் டிஇசட், அதே வின். உடல் அசல் இசட்/28, இன்ஜின் அதனுடையது இல்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. அசல் இன்ஜின் இல்லாத இசட்/28க்கு உரிய விலைக்கு இறங்கினால் வாங்கு என்று சொல்லியிருக்கிறேன். விற்பவர் இன்னும் பதில் சொல்லவில்லை.