ஸ்போர்ட்ஸ் காருக்குக் குளிர்கால டயர்: தேர்ந்தெடுப்பது முதல் மாட்டுவது வரை

ஸ்போர்ட்ஸ் காரோடு வரும் கோடைக்கால டயர் பனியில் வழுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். பனியே இல்லாத வெறும் குளிரிலும் அது வழுக்கும் என்பதைத்தான் பலர் யோசிப்பதில்லை. வெப்பநிலை 7 டிகிரி செல்சியஸை ஒட்டி இறங்கும்போதே அந்த ரப்பர் இறுக ஆரம்பித்துவிடும். உறைநிலைக்கு வெகு கீழே போனால் சில டயர்களில் வெடிப்பே விழும் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். குளிர்கால டயரின் ரப்பர் கடுங்குளிரிலும் இளகியே இருக்கும். அதன் பட்டனில், அதாவது சாலையைத் தொடும் ரப்பர் கட்டைகளில், பிளேடால் கீறியது போல மெல்லிய வெட்டுகள் நிறைய இருக்கும். அந்த வெட்டுகளின் விளிம்புகள்தான் பனியைக் கவ்வுகின்றன.

தொடங்கும் முன் ஒரு விஷயம். வாங்கினால் நான்கும் வாங்குங்கள். எஞ்சின் இழுக்கும் சக்கரங்களுக்கு மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பின்னால் மட்டும் மாட்டினால் முன்சக்கரம் ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. முன்னால் மட்டும் மாட்டினால் இன்னும் மோசம்: பிரேக் போட்டதும் பின்பக்கம் சுழன்றுகொண்டு முன்னால் வந்துவிடும்.

படி 1: இப்போதைய அளவைப் படியுங்கள்

டயரின் பக்கவாட்டில் இருக்கும். டொயோட்டா ஜிஆர்86-இன் 18 அங்குல டயரை எடுத்துக்கொள்வோம்: 215/40ஆர்18. அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 40 சதவீதம், ரிம்மின் விட்டம் 18 அங்குலம். அதற்கடுத்து வரும் எண் எடைக் குறியீடு. 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும், 91 என்றால் 615 கிலோ. கடைசி எழுத்து வேகக் குறியீடு.

முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். பல ஸ்போர்ட்ஸ் கார்களில் பின் டயர் அகலமாக இருக்கும். போர்ஷே 911 கரேரா எஸ்-இன் 992 தலைமுறையில் முன்னால் 245, பின்னால் 305. ரிம்மின் விட்டமே வேறு, முன்னால் 20 அங்குலம், பின்னால் 21.

படி 2: சின்னதாக, ஒடுக்கமாகப் போங்கள்

நிறைய பேர் சறுக்கும் இடம் இதுதான். கோடையில் இருக்கும் அதே பெரிய ரிம், அதே அகல டயர்தான் வேண்டும் என்று நிற்பார்கள். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அகல டயர் இளம்பனியின் மேலும் சகதிப்பனியின் மேலும் மிதக்கப் பார்க்கும். ஒடுக்கமான டயரில் அதே எடை சிறிய பரப்பில் இறங்குவதால் அது பனியைக் கிழித்துக்கொண்டு கீழே உள்ள சாலையைத் தொடும். ரிம் சிறிதானால் பக்கச்சுவர் உயரமாகும். பனிக்கடியில் மறைந்திருக்கும் குழியில் விழுந்தாலும் ரிம் வளையும் வாய்ப்பு குறையும். விலையும் பெரும்பாலும் குறையும்.

ஆனால் டயரின் மொத்த விட்டம் மாறக்கூடாது. மாறினால் வேகமானி பொய் சொல்லும், பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் குழம்பும். கணக்கு எளிது. 215/40ஆர்18-க்குப் பக்கச்சுவர் 86 மி.மீ.; ரிம் 457; இரு பக்கமும் கூட்டினால் 629. அதையே 215/45ஆர்17 ஆக மாற்றினால் 432 + 97 + 97, ஏறத்தாழ 625. வித்தியாசம் 1 சதவீதம்கூட இல்லை. 2 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. நான்கு சக்கரமும் இயங்கும் காரில் முன் பின் விட்டங்களுக்கு இடையே உள்ள விகிதமும் கெடக்கூடாது. இல்லையென்றால் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக்கொடுக்கும் டிஃபரன்ஷியல் வீணாகச் சூடாகும்.

எவ்வளவு சிறிதாகப் போகலாம் என்பதை முடிவு செய்வது பிரேக். பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் பெரிதாக உள்ள காரில் ஒரு அங்குலம் குறைத்தாலே இடிக்கலாம். காரின் கையேட்டில் குளிர்காலத்துக்கு என்று தனி அளவு கொடுத்திருந்தால் வேறு யோசனையே வேண்டாம், அதையே எடுங்கள்.

படி 3: ரிம்மை ஒத்துப் பாருங்கள்

குளிர்காலத்துக்குத் தனி ரிம் வாங்கிவிடுவதுதான் என் பரிந்துரை. ஆண்டுக்கு இரண்டு முறை டயரைக் கழற்றி மாட்டும் கூலி மிச்சம், நல்ல ரிம்மில் உப்பு படுவதும் இல்லை. நான்கு விஷயங்கள் பொருந்த வேண்டும்: போல்ட் துளைகளின் எண்ணிக்கையும் வட்ட அளவும் (ஜிஆர்86-க்கு 5x100, அதாவது 100 மி.மீ. வட்டத்தில் ஐந்து துளை), ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது காரில் பொருந்தும் முகம் எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்று சொல்லும் ஆஃப்செட் (ஈடி) எண், நடுத்துளையின் விட்டம், நட் உட்காரும் இடத்தின் வடிவம். ஆஃப்செட் அதிகமானால் சக்கரம் உள்ளே போய் சஸ்பென்ஷனில் இடிக்கும். குறைந்தால் வெளியே துருத்தும். நடுத்துளை பெரிதாக இருந்தால் வளையம் போட்டுச் சமாளிக்கலாம். நட் விஷயத்தில் மட்டும் சமாளிப்பு கிடையாது. கூம்பு வடிவ இருக்கையில் உருண்டை வடிவ நட்டைப் போட்டால் அது எப்போது வேண்டுமானாலும் தளரும்.

படி 4: எந்த வகை?

பக்கச்சுவரில் மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். பனியில் சோதித்துத் தேறிய டயருக்குத்தான் அது கிடைக்கும். சேறும் பனியும் என்பதைக் குறிக்கும் எம்+எஸ் என்ற எழுத்து மட்டும் இருந்தால் போதாது. அது தயாரிப்பாளர் தாமே போட்டுக்கொள்ளும் முத்திரை. ஜெர்மனியில் 2024 அக்டோபர் முதல் எம்+எஸ் மட்டும் உள்ள டயரைக் குளிர்கால டயராகக் கணக்கில் எடுப்பதில்லை.

அப்புறம், இரண்டு குணங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மிஷெலின் பைலட் ஆல்பின், பிரெல்லி சோட்டோசீரோ போன்றவை வேகத்துக்கும் ஈரச் சாலைக்கும் ஏற்றவை; ஸ்டியரிங் உணர்வு பெரிதாகக் கெடாது. பிரிட்ஜ்ஸ்டோன் பிளிசாக் டபிள்யூஎஸ் வரிசை, மிஷெலின் எக்ஸ்-ஐஸ் போன்றவை மிக மென்மையானவை. பனிக்கட்டியில் கெட்டிக்காரத்தனம் காட்டும், காய்ந்த சாலையில் வளைவெடுத்தால் நெளியும். சாலையைத் தினமும் சுத்தம் செய்யும் ஊரில் முதல் வகை போதும். பனி மாதக்கணக்கில் கட்டியாகக் கிடக்கும் இடத்தில் இரண்டாவதுதான். வேகக் குறியீடு எச் என்றால் மணிக்கு 210, வி என்றால் 240 கிலோமீட்டர் வரை. இரண்டாவது வகையில் இன்னும் குறைவாக இருக்கலாம். குளிரில் 300-இல் போகப்போவதில்லை என்பதால் கவலை வேண்டாம். எடைக் குறியீடு மட்டும் கையேட்டில் சொன்னதற்குக் கீழே போகக்கூடாது.

படி 5: பெற்றுக்கொள்ளும்போது

டயரின் பக்கச்சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 4223 என்றால் 2023-ஆம் ஆண்டின் 42-ஆவது வாரம் செய்தது. பழைய டயர் வாங்குவதானால் பட்டனின் ஆழத்தை அளந்து பாருங்கள். 4 மில்லிமீட்டருக்குக் கீழே வந்துவிட்டால் பனிக்கு அது மொட்டை டயர் மாதிரிதான். ஆஸ்திரியாவில் சட்டமே அந்த அளவைத்தான் கேட்கிறது.

ரிம்மில் டயர் ஏற்றுவதையும் பேலன்சிங்கையும் கடையில் விடுங்கள். புதிய ரிம்முக்குக் காற்றழுத்த சென்சாரும் அப்போதே போட்டுக்கொள்ளுங்கள்.

படி 6: வீட்டில் மாட்டுவது

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு முட்டுக்கொடுங்கள். ஸ்போர்ட்ஸ் கார் தாழ்வானது. சாதாரண ஜாக்கி அடியில் நுழையாது, தாழ்வான ஜாக்கி வேண்டும். கையேட்டில் காட்டிய இடத்தில் மட்டும் ரப்பர் கட்டை வைத்துத் தூக்குங்கள். ஒரு விரற்கடை தள்ளி வைத்தாலும் பக்கப்பட்டை நொறுங்கும். ஜாக்கியை மட்டும் நம்பிக் கைகாலை அடியில் விடாதீர்கள்.

நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திக்கொண்டு, பிறகு தூக்குங்கள். திருட்டைத் தடுக்கும் பூட்டு நட் இருந்தால் அதன் சாவி கையில் இருக்கிறதா என்று முதலிலேயே பார்ப்பது நல்லது. சக்கரம் வந்து உட்காரும் ஹப்பின் முகத்தில் இருக்கும் துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுங்கள். பக்கவாட்டில் சுழற்சி அம்புக்குறி இருந்தால் அது முன்னோக்கி உருள வேண்டும். நட்டுகளைக் கையாலேயே சில சுற்று ஏற்றி, எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்குங்கள். காரை இறக்கிய பிறகு, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் கையேடு சொல்லும் அளவுக்கு முடியுங்கள். ஸ்பேனர் மேல் ஏறி மிதிப்பதெல்லாம் வேண்டாம். நடுவில் ஒற்றைப் பெரிய நட் உள்ள கார் என்றால் இந்தப் படியே உங்களுக்கில்லை. போர்ஷேயின் அந்த நட்டுக்கு 600 நியூட்டன் மீட்டர் வரை விசை தேவைப்படும், பணிமனைக்கே போங்கள்.

படி 7: மாட்டிய பிறகு

50 முதல் 100 கிலோமீட்டர் ஓட்டியதும் நட்டுகளை மீண்டும் டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள். முதல் சில நூறு கிலோமீட்டருக்கு நிதானமாக ஓட்டுங்கள். புது டயரின் மேல்பூச்சு தேய அவகாசம் வேண்டும். காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் அழுத்தம் சுமார் 2 பிஎஸ்ஐ இறங்கும்.

கழற்றிய கோடை டயர்களைக் கழுவிக் காயவைத்து, எந்தச் சக்கரம் எங்கே இருந்தது என்று சாக்பீசால் எழுதிவையுங்கள். ரிம்மோடு இருந்தால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். ரிம் இல்லாமல் இருந்தால் நிமிர்த்தி வையுங்கள். வெயிலும் மின்மோட்டாரும் இல்லாத, உறைந்துபோகாத அறையாக இருந்தால் சரி.