வெளியூர் அணியின் பேஸ்பால் பார்க்கச் சந்தா கட்டும் முன்

அமெரிக்காவில் வெளியூர் அணிகளின் பேஸ்பால் ஆட்டங்களைக் காட்டும் சந்தாவை வாங்குபவர்கள் செய்கிற பெரிய தவறு, விலையைப் பார்த்துவிட்டு முகவரியைப் பார்க்காமல் விடுவது. அயோவா மாநிலத்தின் டெ மொய்னில் வசிக்கும் ஒரு கார்டினல்ஸ் ரசிகரை எடுத்துக்கொள்வோம். அந்த அணியின் செயின்ட் லூயிஸ் மைதானத்துக்குக் காரில் போக ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். அது வெளியூர் அணிதானே என்று பருவம் முழுமைக்கும் பணம் கட்டிவிடுகிறார். ஆட்டம் தொடங்கும் நேரத்தில், உங்கள் பகுதியில் இது கிடைக்காது என்ற அறிவிப்புதான் திரையில் வருகிறது.

உள்ளூர் அணியின் நேரலையை இந்தச் சந்தாவில் காட்டாமல் தடுக்கும் இதற்கு 'பிளாக்அவுட்' என்று பெயர். எது உள்ளூர், எது வெளியூர் என்பதைத் தூரம் தீர்மானிப்பதில்லை. மேஜர் லீக் பேஸ்பால் (எம்.எல்.பி.) என்ற லீக் வகுத்திருக்கும் ஒளிபரப்பு எல்லைதான் தீர்மானிக்கிறது. அயோவாவுக்கென்று ஒரு அணிகூடக் கிடையாது. ஆனால் கப்ஸ், ஒயிட் சாக்ஸ், கார்டினல்ஸ், ராயல்ஸ், ட்வின்ஸ், புரூவர்ஸ் என ஆறு அணிகளுக்கு அது உள்ளூர்! ரசிகருக்கு இழைக்கப்படும் அநியாயம் என்றே இதைச் சொல்வேன்.

பலர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. நீங்கள் டெ மொய்னில் இருக்கும், நியூயார்க்கின் யாங்கீஸ் அணி ரசிகர் என்றாலும் தப்ப முடியாது. ஆடும் இரு அணிகளில் ஒன்று உங்கள் எல்லைக்குள் வந்தாலே போதும், நேரலை மறைந்துவிடும். கப்ஸ் அணி நியூயார்க்குக்கே போய் ஆடினாலும் இதே கதிதான். ஆகவே பணம் கட்டும் முன் உங்கள் ஜிப் கோடுக்கு (அஞ்சல் குறியீடு) எந்தெந்த அணிகள் தடை என்று லீக்கின் இணையதளத்தில் பார்த்துவிட்டு, உங்கள் அணியின் அட்டவணையை அதோடு ஒப்பிடுங்கள்.

டிஷ்ஷை எடுத்துவிட்டு ஸ்ட்ரீமிங்குக்கு மாறினால் இந்தத் தொல்லை தீரும் என்று நம்புவது அடுத்த தவறு. செயற்கைக்கோள் நிறுவனமான டைரக்டிவி 1996 முதல் விற்றுவந்த எக்ஸ்ட்ரா இன்னிங்ஸ் என்ற வெளியூர் ஆட்டத் தொகுப்பு ஆனாலும், லீக்கின் ஸ்ட்ரீமிங் சேவையான எம்.எல்.பி. டிவி ஆனாலும் தடை ஒன்றுதான். தடையை எதை வைத்துக் கணக்கிடுகிறார்கள் என்பதில்தான் வேறுபாடு. செயற்கைக்கோள் சேவை கணக்கில் உள்ள முகவரியைப் பார்க்கிறது. ஸ்ட்ரீமிங் நீங்கள் அப்போது இருக்கும் இடத்தைப் பார்க்கிறது. யாங்கீஸ் ரசிகர் நியூயார்க்குக்கு விருந்தாளியாகப் போனால், போன இடத்தில் அவருடைய அணியின் ஆட்டம் கைபேசியில் ஓடாது.

'எல்லா ஆட்டங்களும்' என்ற விளம்பர வரியையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். ஒரு அணிக்குப் பருவத்தில் 162 ஆட்டங்கள். அவற்றில் சில தேசிய ஒளிபரப்பாளர்களுக்கெனத் தனியாக விற்கப்பட்டவை. ஆப்பிள் 2022 முதல் காட்டிவரும் வெள்ளி இரவு ஆட்டங்கள் அப்படிப்பட்டவை. அக்டோபரில் நடக்கும் பிளே ஆஃப் ஆட்டங்களுக்கும் இந்தச் சந்தாவை நம்பியிருக்க முடியாது.

இனி எதை வாங்குவது? இணைய வேகம் குறைந்த கிராமப்புற வீடு என்றால் டிஷ்தான் நல்லது. ஆனால் அடிப்படைச் சேனல் தொகுப்பு, கருவி வாடகை, ஒப்பந்தக் காலம் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். பேஸ்பால் தொகுப்பின் விலையை மட்டும் வைத்து ஒப்பிடக் கூடாது. மற்றவர்களுக்கு நான் ஸ்ட்ரீமிங்கையே சொல்வேன். கிழக்குக் கரையில் இருந்துகொண்டு மேற்குக் கரையின் லாஸ் ஏஞ்சலஸ் அணியான டாட்ஜர்ஸை நேசிப்பவருக்கு ஆட்டம் தொடங்கவே இரவு பத்து மணி ஆகிவிடும். காலையில் எழுந்து முழு ஆட்டத்தையும் பார்க்கிற வசதி அவருக்குப் பெரிய வரம். தடைக்குள்ளான ஆட்டங்களும் முடிந்து சுமார் 90 நிமிடத்தில் பதிவாகக் கிடைக்கும். உங்கள் அணியின் சொந்த வர்ணனையாளர்களின் குரலோடு பார்க்கலாம் என்பதும் சிறிய விஷயமல்ல.

ஒன்று மட்டும் செய்யுங்கள்: ஸ்ட்ரீமிங் நேரலை பல நொடிகள் பிந்தி வரும் என்பதால், கைபேசியில் ஸ்கோர் அறிவிப்புகளை நிறுத்திவிடுங்கள். செயலியில் ஸ்கோரை மறைக்கும் வசதியும் இருக்கிறது.